அரேயா, ஹாஷா, ஒப்ஜெக்ட்டா? பேர்ளில் ரெஃபரன்ஸின் வகையைக் கேட்கும் வழிகளில் எதை எடுப்பது

குச்சவெளிக் கரையில் ஒரு கரைவலை வாடி என்று வைத்துக்கொள்வோம். விடியற்புறம் வலை இழுத்து, மடியைக் கொட்டி, மீனைப் பிரித்து, எது எத்தனை கிலோ என்று கைத்தொலைபேசியில் பதிகிறார்கள். அந்தப் பதிவு ஜேசன் (தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) கோப்பாகத் திருகோணமலை நகரில் உள்ள கூட்டுறவுச் சங்கக் கணினிக்கு வந்து சேர்கிறது. நிலாவெளி, மூதூர், கிண்ணியா வாடிகளின் பதிவுகளும் அப்படியே வருகின்றன. பேர்ள் என்ற நிரல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று எல்லாவற்றையும் கூட்டி அன்றைய மீன்பாட்டைப் பட்டியல் போடுகிறது. ஒரு நாள் ஒரு வாடியில் மட்டும் சூடை மீனின் எடையை 310 என்று ஒரே எண்ணாகப் போடாமல், முதல் இழுப்பு 180, இரண்டாவது இழுப்பு 130 என்று பிரித்துப் போடுகிறார்கள். செயலி அதை இரண்டு எண்கள் கொண்ட அரேயாக, அதாவது வரிசையாக, அனுப்பிவிடுகிறது. ஸ்கிரிப்ட் நிற்காது. எச்சரிக்கை ஒரு வரிகூட வராது. ஆனால் மொத்த எடை என்ற கட்டத்தில் பதினான்கு இலக்கத்தில், 94 இலட்சம் கோடியை ஒட்டிய ஓர் எண் நிற்கும்.

அந்த எண் ஒரு நினைவக முகவரி. பேர்ளில் ஒரு ரெஃபரன்ஸை, அதாவது வேறொரு தரவைச் சுட்டும் மதிப்பை, கூட்டல் கணக்கில் போட்டால், அது சுட்டும் பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறதோ அந்த முகவரியே எண்ணாகிவிடும். 64 பிட் லினக்ஸ் கணினிகளில் அந்த முகவரிகள் பெரும்பாலும் பதினறும எண்ணில் 55 அல்லது 56 என்று தொடங்குபவை. அதனால்தான் கூட்டுத்தொகை அந்த அளவில் வருகிறது. அதையே அச்சிட்டிருந்தால் 'அரே' என்ற சொல்லும் அடைப்புக்குள் முகவரியும் தெரியும். பார்த்தவுடன் பிழை என்று பிடித்துவிடலாம். கூட்டலில் அந்த அடையாளம்கூட அழிந்துபோகிறது. வார்னிங்ஸ் போட்டிருந்தாலும் பேர்ள் இதைப் பற்றி வாய் திறக்காது, ஏனென்றால் மொழியின் பார்வையில் இது தவறே இல்லை.

ஆகவே கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். எதைக் கொண்டு கேட்பது என்பதில்தான் குழப்பம். 1994இல் வந்த பேர்ள் 5 ரெஃபரன்ஸையும் ஒப்ஜெக்ட்டையும் ஒன்றாகவே கொண்டுவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வகை கேட்கும் வழிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ரெஃப், ரெஃப்டைப், பிளெஸ்ட், இஸ்-எ, இவால், சிபான் என்ற பொதுக் களஞ்சியத்தின் மொடியூல்கள் என்று எல்லாமே 'இது என்ன?' என்று கேட்பதுபோலத் தெரியும். உண்மையில் அவை கேட்பது வெவ்வேறு கேள்விகள். இது எதால் செய்தது என்பது ஒரு கேள்வி. இதற்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. இதை அரேயாகப் பிரித்து எடுக்க முடியுமா என்பது மூன்றாவது. ஒன்றுக்கான விடையை மற்றதற்கான விடையாக எடுத்துக்கொள்வதில்தான் பிழைகள் பல பிறக்கின்றன.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதுகிறோம். தட்டச்சிடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அரே, ஹாஷ் (பெயருக்கு ஒரு மதிப்பாக வைக்கும் பட்டியல்), கோட், ஸ்கேலர் (ஒற்றை மதிப்பு), குளோப் என்ற வகைப் பெயர்கள் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரவேண்டும். முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் ஒப்பீடு எப்போதும் பொய்யாகவே முடியும். யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். மாறிப் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைத்திருக்கிறோம். யூஸ் யூடிஎஃப்8 என்று மேலே போட்டுவிட்டால் $பிடி, $எடை என்பவை பேர்ளில் அப்படியே செல்லுபடியாகும் பெயர்கள்தான்.

ரெஃப்: பழையது, போதுமானது

ரெஃப்($பிடி) ஈக்யூ 'அரே'

ஈக்யூ என்பது இரண்டு சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள், ஒன்றா என்று பார்ப்பது. இந்தக் கேள்விக்கு மொடியூல் எதுவும் வேண்டாம். பேர்ள் 5இன் எந்தப் பதிப்பிலும் ஓடும். $பிடியில் இருப்பது ரெஃபரன்ஸ் இல்லை என்றால், ஒன்றுமே இல்லை என்றாலும்கூட, வெற்றுச் சரம் திரும்பி வரும். அதனால் ஒப்பீட்டில் எச்சரிக்கை எழாது. வெளியிலிருந்து வரும் தரவுக்கு, அதாவது ஜேசனைப் பிரித்து எடுத்த அரேக்கும் ஹாஷுக்கும், இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்பது எங்கள் தீர்ப்பு. ஜேசனிலிருந்து வருபவை பெயர் சூட்டப்படாத வெறும் அரே, வெறும் ஹாஷ். ரெஃப் சொல்வது அவற்றின் உண்மையான வகையையே.

குறை எங்கே என்றால், பிளெஸ் செய்த ஒன்றை, அதாவது ஒரு கிளாஸ் பெயர் சூட்டி ஒப்ஜெக்ட்டாக்கிய ரெஃபரன்ஸை, கொடுத்தால் ரெஃப் அதன் கிளாஸ் பெயரைத்தான் சொல்லும். உள்ளே ஹாஷ் இருந்தாலும் 'ஹாஷ்' என்று வராது. வெளித்தரவில் ஒப்ஜெக்ட் எங்கிருந்து வரப்போகிறது என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். ஜேசனின் உண்மை, பொய் என்ற இரண்டு மதிப்புகளும் பேர்ளுக்குள் ஒப்ஜெக்ட்டாகத்தான் வருகின்றன. 5.14 முதல் பேர்ளுடன் சேர்ந்தே வரும் ஜேசன்::பிபி, அவற்றை ஜேசன்::பிபி::பூலியன் என்ற கிளாஸில் பிளெஸ் செய்த ஸ்கேலர் ரெஃபரன்ஸாகத் தருகிறது. பதிவில் 'ஐஸ் போட்டதா' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதற்கு உண்மை என்று விடை வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸாக இருந்தால் உள்ளே போ, அரே இல்லை என்றால் ஹாஷ்தான் என்று எழுதிய ஸ்கிரிப்ட் அந்தக் கட்டத்தில் 'ஹாஷ் ரெஃபரன்ஸ் அல்ல' என்ற பிழையோடு சாகும். ஆகவே 'அரே இல்லையென்றால் ஹாஷ்' என்ற ஊகத்தை எழுதவே கூடாது. அரேயா என்று கேளுங்கள், ஹாஷா என்று கேளுங்கள், இரண்டும் இல்லாததற்குத் தனியாக ஒரு வழி வையுங்கள்.

ரெஃப்பை எழுதும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. அடைப்புக்குறி இல்லாமல் ரெஃப் $பிடி ஈக்யூ 'அரே' என்று எழுதினாலும் சரியாகவே ஓடும். ரெஃப்பின் முந்துரிமை ஈக்யூவைவிட அதிகம். ஆனால் மறுத்துக் கேட்கிறோம் என்று முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டால் கதை மாறிவிடும்.

! ரெஃப் $பிடி ஈக்யூ 'அரே'

ஆச்சரியக்குறி ஈக்யூவைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் முதலில் 'ரெஃப் $பிடி' மறுக்கப்படுகிறது. விடை 1 அல்லது வெற்றுச் சரம். பிறகு அந்த 1ஐயோ வெற்றுச் சரத்தையோ 'அரே' என்ற சொல்லோடு ஒப்பிடுகிறது. அது ஒருநாளும் சமமாகாது. தவறான தரவு வந்தால் நிறுத்தத்தான் இந்த வரி. அது எந்தத் தரவையும் நிறுத்தாது. ஈக்யூவுக்குப் பதில் 'சமமில்லை' என்ற என்ஈயைப் போட்டு எழுதுவதே பாதுகாப்பு:

ரெஃப்($பிடி) என்ஈ 'அரே'

இன்னும் இரண்டு சிறு விடயங்கள். ஒரு ஸ்கேலரைச் சுட்டும் ரெஃபரன்ஸுக்கு 'ஸ்கேலர்' என்று வரும்; அந்த ஸ்கேலருக்குள் இன்னொரு ரெஃபரன்ஸ் இருந்தால் 'ரெஃப்' என்று வரும். ஸ்கேலர் ரெஃபரன்ஸை எதிர்பார்க்கும் இடத்தில் இரண்டையும் ஏற்க வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கியூஆர் கொண்டு செய்த ஒழுங்குக் கோவைக்கு (சரங்களில் தேடும் வடிவத்துக்கு), முதல் எழுத்து மட்டும் பெரிதான 'ரெஜெக்ஸ்ப்' என்ற பெயர் வரும். அது உண்மையில் ஒரு கிளாஸ் பெயர்.

ரெஃப்டைப்: ஓட்டைத் துளைத்துப் பார்ப்பது

ஸ்கேலர்::யூட்டில் மொடியூல் 5.8 முதல் பேர்ளுடனேயே வருகிறது. அதிலுள்ள ரெஃப்டைப், சூட்டிய பெயரைப் பொருட்படுத்தாமல் உள்ளே எதால் செய்தது என்று சொல்லும். ஒப்ஜெக்ட்டைக் கொடுத்தாலும் ஹாஷ், அரே என்று விடை வரும்.

இது வேண்டிய இடங்கள் சில உண்டு: எதையும் முழுக்க நகலெடுக்கும் கருவி, உள்ளடக்கத்தை விரித்து அச்சிடும் கருவி, கோப்பில் எழுதி வைத்து மறுபடி எடுக்கும் கருவி. அந்த வேலைகளுக்கு உட்பொருள் தெரிந்தே ஆக வேண்டும். மற்ற எல்லா இடங்களிலும் ரெஃப்டைப்பைப் பயன்படுத்துவது அடுத்தவர் பெட்டியை உடைத்துப் பார்ப்பதாகவே முடிகிறது. ஒரு கிளாஸை எழுதியவர் இன்று ஹாஷில் வைத்திருப்பார், நாளைக்கு அரேக்கு மாற்றுவார். அது அவர் உரிமை. 5.38இல் வந்த புதிய கிளாஸ் வசதியில் செய்த ஒப்ஜெக்ட்டுக்கு ரெஃப்டைப் 'ஒப்ஜெக்ட்' என்றே சொல்லும். அதை ஹாஷாகத் திறக்கவும் முடியாது. 'ஒப்ஜெக்ட் என்றால் உள்ளே ஹாஷ்தானே' என்று நம்பி எழுதிய பழைய நிரல்கள் அங்கே உடையும்.

ரெஃப்டைப்பின் பெரிய ஆபத்து இன்னும் நுணுக்கமானது. ரெஃபரன்ஸ் இல்லாத ஒன்றைக் கொடுத்தால் அது வெற்றுச் சரம் தராது, அன்டெஃப் (மதிப்பே இல்லை) தரும். அதை ஈக்யூவோடு ஒப்பிட்டால் மதிப்பில்லாத மாறி என்று எச்சரிக்கை கொட்டும். அந்த எச்சரிக்கையை அடக்க, பலர் இப்படி எழுதுகிறார்கள்:

ரெஃப்டைப்($பிடி) // '' ஈக்யூ 'ஹாஷ்'

இரட்டைச் சாய்கோடு என்பது 'அன்டெஃப் என்றால் மற்றதை எடு' என்ற கட்டளை. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈக்யூ அதைவிட இறுக்கம். பேர்ள் முதலில் வெற்றுச் சரத்தை 'ஹாஷ்' உடன் ஒப்பிட்டுப் பொய் என்று முடிவு கட்டுகிறது. பிறகு ரெஃப்டைப் தந்தது அன்டெஃப் இல்லை என்றால் அதையே விடையாகத் தருகிறது. ஹாஷ் கொடுத்தால் 'ஹாஷ்' என்ற சரம் வருகிறது, அது உண்மை. அரே கொடுத்தால் 'அரே' என்ற சரம் வருகிறது, அதுவும் உண்மை. வெறும் எண்ணைக் கொடுத்தால் பொய். அதாவது 'ஹாஷா?' என்று கேட்டதாக நினைத்திருக்கிறோம், நிரல் கேட்டதோ 'ரெஃபரன்ஸா?' என்பதை. ஒரு ஹாஷையும் ஒரு சரத்தையும் மட்டும் கொடுத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அரேயைக் கொடுக்கும்போதுதான் வெளிக்கும். இரண்டு அடைப்புக்குறிகள் போதும்:

(ரெஃப்டைப்($பிடி) // '') ஈக்யூ 'ஹாஷ்'

பழைய நிரல்களைத் திருத்தும்போது இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். தேடிய உழைப்பு வீண்போகாது.

பெயரைக் கேட்பது: பிளெஸ்ட், கேன், இஸ்-எ

ஒப்ஜெக்ட்டிடம் ஒரு மெதட்டை, அதாவது அதன் கிளாஸில் எழுதிய ஃபங்ஷனை, கூப்பிடும் முன் அது ஒப்ஜெக்ட்தானா என்று கேட்க வேண்டும். $வள்ளம் என்பதில் வெறும் ஹாஷ் இருக்கும்போது கேன் (இந்த மெதட் உண்டா) அல்லது இஸ்-எ (இந்தக் கிளாஸைச் சேர்ந்ததா) மெதட்டைக் கூப்பிட்டால், பிளெஸ் செய்யாத ரெஃபரன்ஸில் மெதட்டைக் கூப்பிட முடியாது என்று ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அன்டெஃப் இருந்தாலும் நிற்கும். சரம் இருந்தால் இன்னும் மோசம்: அந்தச் சரத்தையே கிளாஸ் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பல காலமாக இரண்டு படியாக எழுதி வருகிறார்கள். முதலில் ஸ்கேலர்::யூட்டிலின் பிளெஸ்ட். அது உண்மை என்றால் மட்டும் இஸ்-எ. ஒரு நினைவூட்டல்: ஒழுங்குக் கோவையும் பிளெஸ்டிடம் 'ஆம்' வாங்கிவிடும், ஜேசனின் உண்மையும் அப்படியே. ஆகவே பிளெஸ்ட் மட்டும் கேட்டுவிட்டு நம் ஒப்ஜெக்ட்தான் என்று நம்பக் கூடாது.

5.32இல் இந்த இரண்டு படியையும் ஒன்றாக்கி இஸ்-எ என்ற இடைக்குறி வந்தது. 5.36இல் பரீட்சார்த்த நிலை நீங்கி நிலைபெற்றது.

$வள்ளம் இஸ்-எ கரைவலை

அன்டெஃப், சரம், வெறும் ஹாஷ் எதைக் கொடுத்தாலும் சாகாமல் பொய் சொல்லும். கரைவலையிலிருந்து வழிவந்த கிளாஸையும் ஏற்கும். ஒரு கிளாஸ் தன் இஸ்-எ மெதட்டைத் தானே மாற்றி எழுதியிருந்தால் அதையும் மதிக்கும். ஒப்ஜெக்ட்டைக் கேட்பதற்கு இன்று இதுதான் சரியான வழி. ஆச்சரியக்குறிப் பொறி மட்டும் இங்கேயும் உண்டு: ! $வள்ளம் இஸ்-எ கரைவலை என்றால் முதலில் $வள்ளம் மறுக்கப்படும். அன்லெஸ் (இல்லையென்றால்) போடுங்கள், அல்லது அடைப்புக்குள் வையுங்கள்.

கணினியில் எந்தப் பேர்ள் இருக்கிறது என்பதே இங்கே தீர்மானிக்கும். டெபியன் 12இல் 5.36, உபுண்டு 24.04இல் 5.38, இரண்டிலும் யூஸ் வி5.36 என்று மேலே போட்டால் கவலை இல்லை. உபுண்டு 22.04இல் இருப்பது 5.34. அங்கே இஸ்-எயை யூஸ் ஃபீச்சர் கட்டளையால் தனியே திறக்க வேண்டும், பரீட்சார்த்தம் என்ற எச்சரிக்கையையும் அடக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7இல் 5.16, அங்கே பழைய இரண்டு படிதான்.

யூனிவர்சல்::இஸ்-எயை நேரடி ஃபங்ஷனாகக் கூப்பிடும் வழக்கம் பழைய நிரல்களில் நிறைய. வெறும் ஹாஷையும் பிளெஸ் செய்த ஹாஷையும் ஒரே கேள்வியில் ஏற்கிறது என்பதற்காக எழுதினார்கள். ஆனால் கிளாஸ் தானே எழுதிய இஸ்-எயை அது தாண்டிப் போய்விடும். கிளாஸ் பெயரை வெறும் சரமாகக் கொடுத்தாலும் ஆம் என்றுவிடும். புதிதாக எழுத வேண்டாம்.

முயன்று பார்ப்பது

'வகையைக் கேட்பதே தவறு, அரேயாகப் பயன்படுத்திப் பார், முடிந்தால் அரே' என்று வாதிடுபவர்கள் உண்டு. பிழையைப் பிடித்துக்கொள்ளும் இவாலுக்குள் @$பிடி என்று திறந்து பார்ப்பார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பேர்ளில் ஒரு ஒப்ஜெக்ட் @{} என்ற செயலை ஓவர்லோட் செய்து (அதன் நடத்தையைத் தானே எழுதி), உள்ளே ஹாஷாக இருந்துகொண்டே அரேயாகவும் நடந்துகொள்ள முடியும். மீன்பாட்டுப் பட்டியல் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதற்குள் திகதி, வாடி, சம்மாட்டி பெயர் எல்லாவற்றையும் ஹாஷில் வைத்துக்கொண்டு, @{} போட்டால் மீன்களை மட்டும் வரிசையாகத் தரும்படி செய்யலாம். அந்த ஒப்ஜெக்ட்டுக்கு ரெஃப் கிளாஸ் பெயரைச் சொல்லும், ரெஃப்டைப் ஹாஷ் என்று சொல்லும். அரேயாகப் பயன்படும் என்ற உண்மையை இரண்டுமே சொல்லாது.

ஆனால் இவால் அதற்கு மருந்தல்ல. யூஸ் ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்புக் கட்டளை இல்லாத இடத்தில் ஒரு சரத்தைக் கொடுத்தால், அந்தச் சரத்தின் பெயரில் உள்ள பொது அரேயைத் திறந்துவிடும், பிழையே வராது. நிரலை நிறுத்தும் டை கட்டளைக்கு யாராவது சிக்னல் கையாளி வைத்திருந்தால், இவாலுக்குள்ளே நடந்த சிறு தோல்விக்கும் அது ஓடி லொக் கோப்பை நிரப்பும். ஓவர்லோட் செய்த நிரலுக்குள் உண்மையான பிழை இருந்தால் 'அரே இல்லை' என்ற விடையாக அது மறைந்துபோகும். ஓவர்லோட் ஒப்ஜெக்ட்டை ஏற்க வேண்டும் என்றால் நேராகக் கேட்க வழி இருக்கிறது: பிளெஸ்ட் உண்மையா, பிறகு ஓவர்லோட்::மெதட்($பிடி, '@{}') ஏதாவது தருகிறதா. இது எதையும் ஓட்டிப் பார்க்காது, இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும்.

இவாலையும் விட்டுவிட்டு நேரே ஃபார்ஈச்சில் @$பிடி என்று ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. $பிடி அன்டெஃப் ஆக இருந்தால் ஸ்ட்ரிக்ட் இருந்தும் பிழை வராது. ஃபார்ஈச் அந்த இடத்தில் ஒரு வெற்று அரேயைத் தானே உருவாக்கி $பிடியில் வைத்துவிடும். வளையம் ஒரு தரமும் ஓடாமல் முடியும், மொத்தம் பூச்சியம். கடலோரக் கணக்கில் இது சின்ன விடயம் அல்ல. 'இன்றைக்கு மீன் படவில்லை' என்பதும் 'அந்த வாடியிலிருந்து தகவல் வரவில்லை' என்பதும் ஒன்றல்ல. முதலாவது மீன்பாடு; இரண்டாவது யாராவது தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டிய காரியம். வளையத்துக்கு முன்னால் ரெஃப் கேட்டிருந்தால் இரண்டும் பிரிந்து நின்றிருக்கும்.

சிபானிலிருந்து வருபவை

ரெஃப்::யூட்டில் வேகத்துக்காக எழுதப்பட்டது. இலட்சக்கணக்கான தரம் வகை கேட்கும் வளையம் இருந்தால் பயன்படும். அதன் பெயர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்: இஸ்_அரேரெஃப் என்பது பிளெஸ் செய்ததையும் ஏற்கும், ரெஃப் ஈக்யூ 'அரே'க்கு நிகரானது இஸ்_பிளெயின்_அரேரெஃப்தான். ஓவர்லோடை இரண்டுமே பார்க்காது. கணினியில் சி கம்பைலர் இல்லை என்றால் தூய பேர்ள் வடிவத்தில் ஓடும். அப்போது வேகம் என்ற காரணமே போய்விடும். நாளொன்றுக்குச் சில நூறு பதிவுகளைக் கூட்டும் சங்கக் கணினிக்கு இது தேவையில்லை.

டைப்::டைனி வேறு வகை. 'எண்களின் அரே', 'இன்ன கட்டங்கள் கொண்ட ஹாஷ்' என்று முழு வடிவத்தையும் ஓரிடத்தில் எழுதி வைக்கலாம். பொருந்தாதபோது எந்த வடிவம் பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டு நிற்கும். பல இடங்களிலிருந்து பல வடிவங்களில் தரவு வரும் பெரிய வேலைக்கு இதைத்தான் எடுப்போம். 'எண்களின் அரே' என்றால் ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுப் பார்க்கும் என்பதால் நீண்ட அரேயை ஒவ்வொரு ஃபங்ஷன் வாசலிலும் மறுபடி மறுபடி சோதிக்கக் கூடாது. உள்ளே வரும்போது ஒருமுறை போதும். இதை நிறுவ இணைய இணைப்பும், பிறகு பதிப்பைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும். இணைப்பு வந்தும் போயும் இருக்கும் ஒரு கரையோர அலுவலகத்தில், பேர்ளுடன் வரும் பொருள்களை வைத்தே முடிக்க முடியும் என்றால் அதுவே நல்லது.

தரவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

வழியைத் தேர்வதற்கு முன் அனுப்பும் பக்கத்தை அறிவது பாதி வேலையை முடித்துவிடும். வகை மாறி வரும் தரவு பெரும்பாலும் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது.

ஒன்று எக்ஸ்எம்எல். எக்ஸ்எம்எல்::சிம்பிள் மொடியூல், ஒரே பெயரில் பல உறுப்புகள் இருந்தால் அரேயாகவும், ஒன்றே ஒன்று இருந்தால் அரே இல்லாமல் நேராகவும் தரும். பத்து வள்ளம் வந்த நாளில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட், கடல் கொந்தளித்து ஒரே ஒரு வள்ளம் வந்த நாளில் 'அரே ரெஃபரன்ஸ் அல்ல' என்று நிற்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. இதற்கு வகை கேட்டு இரண்டு வழியாகப் பிரிப்பதைவிட, ஃபோர்ஸ்அரே என்ற விருப்பத்தில் அந்த உறுப்பின் பெயரைக் கொடுத்துவிடுவதே சரி. ஒன்றிருந்தாலும் அரேயாகவே வரும். புதிய வேலைக்கு எக்ஸ்எம்எல்::சிம்பிளையே எடுக்க வேண்டாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

மற்றது பிஎச்பியில் எழுதிய சேவை. பிஎச்பிக்கு வரிசையும் பெயர்ப்பட்டியலும் ஒரே வகை. அது ஜேசனாக்கும்போது உள்ளே இருப்பதைப் பார்த்து முடிவு செய்கிறது. பெயர்ப்பட்டியல் காலியாக இருந்தால் [] என்று அனுப்பும். நீங்கள் ஹாஷை எதிர்பார்த்த இடத்தில் வெற்று அரே வரும். நேர்மாறாகவும் நடக்கும்: வரிசையின் நடுவில் ஒன்றை நீக்கிவிட்டு அப்படியே அனுப்பினால் 0, 2, 3 என்ற பெயர்களோடு ஹாஷ் வரும். முதல் வகையை ஏற்கலாம்: ஹாஷ் வேண்டிய இடத்தில் வெற்று அரே வந்தால் வெற்று ஹாஷாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெற்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இரண்டாவதை அனுப்பும் பக்கத்தில் திருத்தச் சொல்வதே முறை.

முதலில் சொன்ன சூடை எடைக்கு என்ன செய்வது? அங்கே வேண்டியது எண். ஸ்கேலர்::யூட்டிலில் லுக்ஸ்_லைக்_நம்பர் இருக்கிறது; அரேயைக் கொடுத்தால் பொய் சொல்லும், நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பினால் ஜேசனின் 'உண்மை' உள்ளே நுழைந்துவிடும். அந்த ஒப்ஜெக்ட் எண்ணாகவும் நடந்துகொள்ளும்படி ஓவர்லோட் செய்யப்பட்டது, 1 கிலோ என்று கூட்டிவிடும். 'இன்ஃபினிட்டி' (முடிவிலி), 'நேன்' (எண் அல்ல) என்ற சரங்களையும் அது எண் என்றே ஏற்கும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் ரெஃப்($எடை) வெற்றுச் சரமா, பிறகு எண்ணா, பிறகு 0க்குக் குறையாமலும் ஒரு வாடியில் நடக்கக்கூடிய எல்லைக்கு மேற்படாமலும் இருக்கிறதா. கடைசிக் கேள்வி இன்ஃபினிட்டியையும் நேனையும் சேர்த்தே தள்ளிவிடும், ஏனென்றால் நேன் எந்த எல்லைக்குள்ளும் அடங்காது. அதற்காகவே கேள்வியை 'எல்லைக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்' என்று எழுதுங்கள்; 'எல்லையைத் தாண்டினால் தள்ளு' என்று எழுதினால் நேன் தப்பிவிடும்.

இந்தச் சோதனைகளைக் கோப்பைப் பிரித்த உடனேயே, ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். அதற்கு அப்பால் உள்ள நிரல் வகையைப் பற்றி நினைக்கவே கூடாது. நிற்கும்போது சொல்லும் செய்தியில் மூன்று விடயங்கள் இருக்கட்டும்: எந்த வாடி, எந்தக் கட்டம், என்ன வந்தது. 'குச்சவெளி, சூடை, எடை: எண் வேண்டும், வந்தது அரே' என்று இருந்தால், பேர்ள் தெரியாத கணக்காளரும் வாடிக்குத் தொலைபேசி எடுத்து 180ஐயும் 130ஐயும் கேட்டு எழுதிவிடுவார். அந்தப் பதிவை மட்டும் வேறு கோப்புறைக்கு நகர்த்திவிட்டு மற்ற வாடிகளைக் கூட்டித் தொடருங்கள். பட்டியலின் அடியில் விடுபட்ட வாடியின் பெயரைப் போடுங்கள்.

எழுதி முடித்ததும் இந்த மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்: அன்டெஃப், வெற்றுச் சரம், 0, 42, 'நேன்' என்ற சரம், வெற்று அரே, எண்கள் உள்ள அரே, வெற்று ஹாஷ், ஜேசனின் உண்மை, ஒரு கியூஆர் கோவை, நீங்களே எழுதிய ஒரு கிளாஸின் ஒப்ஜெக்ட். எடைக்கான சோதனை 0ஐயும் 42ஐயும் மட்டுமே ஏற்க வேண்டும். இந்தச் சோதனையை உங்கள் மடிக்கணினியில் ஓட்டினால் போதாது. சங்கக் கணினியில் இருக்கும் பேர்ளிலேயே ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் இஸ்-எ அங்கே திறக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.